பதினாலு அங்குலத்துக்குள் ஒரு வண்டி

குழந்தையை உட்காரவைத்துத் தள்ளுகிற ஒரு சின்ன வண்டி வாங்க ஒரு மனிதனுக்கு எத்தனை நாள் வேண்டும்? ஒரு நாள் போதும். ரொம்ப யோசிக்கிறவன் என்றால் ஒரு வாரம். ஸ்தனிஸ்லாஸ் வண்டி பார்க்க ஆரம்பித்து ஒன்றே முக்கால் வருஷம் ஓடிவிட்டது, வண்டிதான் வந்தபாடில்லை. இதை யாரிடம் போய்ச் சொல்வது என்று தெரியாமல், அவன் மனைவி லூர்து மேரி தன் கோபத்தையெல்லாம் தையல் மிஷினை மிதிக்கிற மிதியில் காட்டிக்கொண்டிருந்தாள்.

இத்தனைக்கும் அவன் எதையும் ஆறப்போடுகிற ஆள் இல்லை. பஸ் கண்டக்டர். ஏறுகிறவன் கையிலிருக்கும் மூட்டையை ஒரு பார்வை பார்த்தே இதற்கு லக்கேஜ் டிக்கெட் உண்டா இல்லையா, உள்ளே வைக்கலாமா டாப்பில் போட வேண்டுமா என்று சொல்லிவிடுவான். லூர்து மேரியைப் பெண் பார்க்க வந்த அன்று, காப்பி ஆறுவதற்குள் சரி சொன்னவன். அப்படிப்பட்டவன் நாலு சக்கரமும் ஒரு முழத் துணியும் சேர்ந்த ஒரு சாமானைத் தேர்ந்தெடுக்க முடியாமல் திண்டாடியது தர்மபுரியில் பாதிப் பேருக்கு வேடிக்கையாக இருந்தது. கட்டிக்கொண்டவளுக்கு எப்படி வேடிக்கையாக இருக்கும்?

அவளுக்கு அந்த வண்டி இல்லாமல் ஆகாது. தெரசா பிறந்தபோது வயிற்றைக் கிழித்துத்தான் எடுத்தார்கள். போட்ட தையல் இரண்டு தடவை பிரிந்தது. இனிமேல் ஒரு குடம் தண்ணீர்கூடத் தூக்கக்கூடாது, பெற்ற பிள்ளையாக இருந்தாலும் இடுப்பில் வைக்கக்கூடாது என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். பிழைப்போமா மாட்டோமா என்று கிடந்த அந்த நாட்களில் லூர்து மேரி ஒரு நேர்ச்சை வைத்தாள். பிள்ளைக்கு மூன்று வயசு முடிவதற்குள் வேளாங்கண்ணிக்குக் கூட்டிவந்து முதல் முடியை மாதாவுக்குக் கொடுக்கிறேன் என்று. மாதா தன் பங்கைச் செய்துவிட்டாள். லூர்து மேரியின் பங்குதான் பாக்கி.

ஸ்தனிஸ்லாஸ் தூக்கிக்கொள்ளலாமே என்றால், அதற்கும் வழியில்லை. அறுபத்தைந்து அக்டோபரில் தொப்பூர் கணவாயில் அவனுடைய பஸ் மேடேறும்போது, பிரேக் பிடிக்காத லாரி ஒன்று எதிரே இறங்கிவந்து நேராக மூக்கில் மோதியது. ஐந்து பேர் போய்விட்டார்கள். அவனுக்கு இடது தோள்பட்டை முறிந்தது; கட்டுப்போட்டுச் சேர்ந்ததும் கோணலாகத்தான் சேர்ந்தது. அந்தக் கையால் ஒரு பையை வேண்டுமானால் தூக்குவான், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நாலு தப்படி நடக்க முடியாது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் முதலாளி குப்புராஜிடம் கேட்டு சேலம் லைனிலிருந்து அரூர் லைனுக்கு மாற்றிக்கொண்டான். விபத்தைப் பற்றி யார் கேட்டாலும், "லாரிக்காரன் வந்து வுட்டான்" என்பதோடு சரி.

ஆக, அம்மாவால் தூக்க முடியாது, அப்பாவுக்கு ஒன்றரைக் கை. சேலம், திருச்சி, தஞ்சாவூர், நாகப்பட்டினம் என்று நாலு இடத்தில் பஸ் மாறி, திருவிழாக் கூட்டத்தில் நீந்திக் கோயிலுக்குப் போய்ச் சேர வேண்டும். "வண்டி ஒண்ணு இருந்தா தள்ளிக்கிட்டே போயிடலாம்" என்று முதலில் சொன்னதே ஸ்தனிஸ்லாஸ்தான். சொன்ன வாய்க்குச் சர்க்கரை போட வேண்டும் என்று அன்றைக்கு லூர்து மேரி நினைத்தாள். பிற்பாடு அந்த நினைப்பை மாற்றிக்கொண்டாள்.

முதலில் வந்தது கன்னியர் மடத்து வண்டி. லூர்து மேரி அங்கே பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சர். பெரிய சிஸ்டர் மனமிரங்கி, குடோனில் கிடந்த ஒரு பழைய வெள்ளைக்கார வண்டியை எடுத்துக்கொள்ளச் சொன்னாள். துரை வீட்டுப் பிள்ளையைத் தள்ளிய வண்டி. சைக்கிள் சக்கரத்தில் பாதி அளவுக்குச் சக்கரம், மேலே மடக்குகிற கூரை. வெறும் தொட்டிலை ஆட்டக்கூடாது, அதுபோல வெறும் வண்டியும் தள்ளக்கூடாது என்று பக்கத்து வீட்டுச் சின்னம்மாள் வழிமறித்ததால், ஒரு பூசணிக்காயை அதில் உட்காரவைத்து வீடு வரைக்கும் தள்ளிக்கொண்டு வந்தார்கள். ஸ்தனிஸ்லாஸ் டேப்பை எடுத்து அளந்தான்.

"இருபத்திரெண்டு அங்குலம். ஆவாது."

"எதுக்கு ஆவாதுங்க?"

"பஸ்ஸுல நடக்குற வழி பதினாலு அங்குலம்தான்."

"பஸ்ஸுக்குள்ள எதுக்குத் தள்றீங்க? டாப்புல தூக்கிப் போட்டா போச்சு."

"டாப்புல போட்டா அப்புறம் எதுக்கு வண்டி?" என்றான் அவன்.

இந்தக் கேள்விக்கு அர்த்தம் என்ன என்று அவளுக்கு விளங்கவில்லை. வண்டி தரையில் தள்ளுவதற்கு. பஸ் பஸ்ஸாகப் போவதற்கு. ஒன்றுக்குள் ஒன்றை ஏன் விடவேண்டும்? கேட்டால், டேப்பை மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு டூட்டிக்குப் போய்விடுவான். பூசணிக்காயைக் கூட்டு வைத்தார்கள். வண்டி மடத்துக்கே திரும்பிப் போனது.

அடுத்தது ஆசாரி பச்சியப்பன் செய்த வண்டி. அளவெல்லாம் ஸ்தனிஸ்லாஸ் கொடுத்தது. பதினாலு அங்குலத்துக்குள் எல்லாம் அடங்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றான். பச்சியப்பன் வேப்பமரப் பலகையில் அடித்து, கீழே நாலு பேரிங் வைத்துக் கொண்டுவந்தான். பலகையின் கனம் போக உள்ளே மிஞ்சியது பத்து அங்குலம். தெரசா நல்ல சதைப்பிடிப்பான பிள்ளை. உட்காரவைத்தால் பாதியில் மாட்டிக்கொண்டு, எடுக்கவும் முடியாமல் வீல் என்று கத்தியது. வண்டியைத் தூக்க இரண்டு ஆள் வேண்டியிருந்தது. உருட்டினால் தெருக்கோடி வரைக்கும் சத்தம் கேட்டது.

"உரலுக்குச் சக்கரம் வெச்ச மாதிரி இருக்குது" என்றாள் லூர்து மேரி.

"அளவு சரியாத்தான் இருக்குது. எடைதான் கூட" என்று ஸ்தனிஸ்லாஸ் பச்சியப்பனுக்குப் பரிந்து பேசினான். அந்த வண்டியில் அதற்குப் பிறகு வெங்காயம் கொட்டி வைத்தார்கள்.

இதற்கு நடுவில் பள்ளிப்பட்டியில் அவள் தம்பிக்குக் கல்யாணம். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகலாம் என்றால், கூட்டமாக இருக்கும், பிள்ளைக்குச் சளி, வண்டி வரட்டும் என்று மூன்று காரணம் சொன்னான். கடைசியில் தெரசாவைச் சின்னம்மாளிடம் விட்டுவிட்டு லூர்து மேரி மட்டும் போய், தாலி கட்டியதும் திரும்பிவந்தாள். வேளாங்கண்ணிக்காவது ரயிலில் போகலாமே, மொரப்பூரில் ஏறினால் சேலம் வரைக்கும் பஸ் வாசனையே இல்லாமல் போய்விடலாமே என்று கேட்டுப் பார்த்தாள். "மொரப்பூருக்கும் பஸ்ஸுலதான போவணும்" என்றான். பஸ்ஸில் சம்பாதித்துச் சாப்பிடுகிறவன் வாயில் வருகிற பேச்சா இது?

தெரசாவின் தலைமுடி தோளைத் தாண்டி வளர்ந்தது. நேர்ச்சை முடி, கத்தரி படக்கூடாது. சிக்கு விழுந்தது, பேன் வைத்தது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வருகிறபோது, "என்னா டீச்சர், இன்னும் வேளாங்கண்ணி போவலியா?" என்று கேட்காத ஆள் கிடையாது. கேட்கிறவர்களுக்கு அவள் சிரித்தே பதில் சொன்னாள். வீட்டுக்கு வந்து பேன் சீப்பை எடுத்து வாருகிற வேகத்தில் பிள்ளை அழும். பிள்ளை அழுதால் அவளுக்கும் அழுகை வரும்.

தெருக்கோடியில் குடியிருந்த கிருஷ்ணப்பன் பெங்களூருக்கு லாரி ஓட்டுகிறவன். தளிப் பக்கத்துக்காரன், வீட்டில் கன்னடம். பெங்களூர் கண்டோன்மெண்டில் ஒரு கடையில், குழாயும் கான்வாஸுமாகக் குடை மாதிரி மடக்குகிற வண்டி விற்கிறது என்று அவன் வந்து சொன்னதும் லூர்து மேரிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஸ்தனிஸ்லாஸ் உடனே ஒரு சணல் கயிற்றை எடுத்து அதில் மூன்று முடிச்சுப் போட்டுக் கொடுத்தான். ஒரு முடிச்சு அகலம், ஒன்று உயரம், ஒன்று நீளம். "இதுக்குள்ள வரணும். குழந்தைய இறுக்கிக் கட்ற பெல்ட் இருக்குதான்னு பாரு. வண்டிய சீட்டுக் காலோட சேத்து மாட்றதுக்குக் கொக்கி இருக்குதான்னும் கேளு."

கிருஷ்ணப்பன் மூன்று கடை ஏறி இறங்கினான். ஒன்றில் அரை அங்குலம் கூட இருந்தது. ஒன்றில் பெல்ட் இல்லை. மூன்றாவது கடையில், கொக்கி இருக்கிறதா என்று கேட்டதற்கு, இது குழந்தை வண்டியா, லாரிக்கு டிரெய்லரா என்று கடைக்காரன் கேட்டானாம். இப்படியே ஏழு மாசம். லோடு ஏற்றப் போகிற ஒவ்வொரு தடவையும் பாவம் அவன் கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு கடைக்குள் நுழைவான். ஒவ்வொரு தடவையும் ஸ்தனிஸ்லாஸ் இங்கே உட்கார்ந்துகொண்டே, ஆவாது என்பான்.

அறுபத்தேழு ஆகஸ்டில் லூர்து மேரிக்குப் பொறுமை தீர்ந்தது. ஜனவரி வந்தால் பிள்ளைக்கு மூன்று முடிகிறது. வெளியே ரவிக்கை தைத்துச் சேர்த்த பணத்தைக் கிருஷ்ணப்பன் கையில் வைத்து, "கயிறும் வேணாம் ஒண்ணும் வேணாம். இருக்கறதுல லேசானத வாங்கிக்கிட்டு வா" என்றாள்.

நாலாம் நாள் வண்டி வந்தது. நீலக் கான்வாஸ். மடக்கினால் சுருட்டிய பாய் அளவு. பிரித்தால் தெரசாவுக்கென்று அளவெடுத்துச் செய்தது மாதிரி. லூர்து மேரி மூச்சைப் பிடித்துக்கொண்டு அதை ஒரு கையால் தூக்கிப் பார்த்தாள். வயிற்றில் எங்கேயும் இழுக்கவில்லை. சந்தோஷம் வந்தால் கிருஷ்ணப்பனுக்குத் தமிழ் மறந்துவிடும்; நல்லா இருக்குது என்பதைக்கூடக் கன்னடத்தில்தான் சொல்வான். "சென்னாகிதே அக்கா, சென்னாகிதே" என்று தெரசாவை உட்காரவைத்துத் தெரு முழுக்க அவனே தள்ளிக்கொண்டு போனான்.

சாயங்காலம் டூட்டி முடிந்து வந்த ஸ்தனிஸ்லாஸ் கோபித்துக்கொள்ளவில்லை. கோபித்துக்கொண்டிருந்தால்கூட அவளுக்குத் திருப்தியாக இருந்திருக்கும். டேப்பை எடுத்தான். பதிமூன்றரை அங்குலம். மடக்குகிற இடத்துப் பூட்டை ஆட்டிப் பார்த்தான். சக்கரத்தைக் கழற்றி மாட்டினான். பிறகு, "பெல்ட்டு இல்ல" என்றான்.

லூர்து மேரி எழுந்தாள். பள்ளிக்கூடப் பைக்கு வைக்கிற தடித்த நாடாவை எடுத்து, நாலு மடிப்பாக மடித்து, மிஷினில் போட்டு ஓட்டினாள். பித்தளை வளையம் வைத்துத் தைத்து, வண்டியில் மாட்டி அவன் முன்னால் வைத்தாள். அவன் அதை இழுத்துப் பார்த்தான்.

"பெல்ட்டு நல்லாத்தான் இருக்குது. ஆனா பஸ்ஸு ஓடறப்ப வண்டி நிக்குமான்னுதான்..."

"ஞாயித்துக்கெழம பூச முடிஞ்சதும் ஷெட்டுக்குப் போறோம்" என்றாள் லூர்து மேரி. "பஸ்ஸுலயே வெச்சிக் காட்டுங்க. நிக்குதா நிக்கலியான்னு அன்னிக்கே தெரிஞ்சிரட்டும். இல்லன்னா நான் பாட்டுக்குப் புள்ளைய இடுப்புல வெச்சிக்கிட்டுத் தனியாப் போறேன். தையல் பிரிஞ்சா பிரியட்டும்."

ஞாயிற்றுக்கிழமை ஷெட்டில் இரண்டு பஸ் நின்றன. துடைத்துக் கழுவுகிறவன் சாப்பிடப் போயிருந்தான். தெரசாவை நடத்திக் கூட்டிக்கொண்டு, வண்டியைத் தூக்கிக்கொண்டு, அரூர் பஸ்ஸுக்குள் ஏறினார்கள். ஸ்தனிஸ்லாஸ் இரண்டு வரிசை சீட்டுக்கு நடுவே வண்டியைப் பிரித்து நிறுத்தினான். உரசாமல் நின்றது. பிள்ளையை உட்காரவைத்துப் பெல்ட்டைப் போட்டான். வேட்டி மடிப்பிலிருந்து கயிற்றை எடுத்து, இந்தப் பக்கம் ஒரு சீட்டுக் கால், அந்தப் பக்கம் ஒரு சீட்டுக் கால் என்று வண்டியை நாலு மூலையிலும் இழுத்துக் கட்டினான். கட்டி முடித்து, கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தான். முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை அவள் பார்த்து வெகுநாள் ஆயிற்று.

"எல்லாஞ் சரி" என்றாள். "இப்பிடி நட்ட நடுவுல கட்டி வெச்சா, ஏர்றவங்க எறங்குறவங்க எப்பிடிங்க போவாங்க?"

அவன் குனிந்து ஒரு முடிச்சை இழுத்துப் பார்த்தான்.

"நீங்க கண்டக்டரா இருக்கற பஸ்ஸுல எவனாச்சும் இந்த மாதிரி கட்டுனா வுடுவீங்களா?"

"வுட மாட்டேன்" என்றான்.

அவளுக்கு உச்சந்தலை வரைக்கும் சூடேறியது. "அப்பறம் இன்னாத்துக்குங்க இந்தக் கூத்து? புள்ளைய மடியில வெச்சிக்கிட்டுப் போனா ஆவாதா? ஒலகத்துல அத்தன பேரும் மடியிலதான வெச்சிக்கிட்டுப் போறாங்க?"

"மடியில வேணாம் மேரி."

"ஏன் வேணாம்?"

அவன் கண்டக்டர் சீட்டில் உட்கார்ந்தான். பேசும்போது அவளைப் பார்க்கவில்லை. தெரசாவின் பெல்ட் வளையத்தைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"லாரி மோதுன அன்னிக்கி சேலத்துல ஏறும்போதே நிக்க எடமில்ல. பென்னாகரம் பக்கத்துப் பொம்பள ஒண்ணு. புள்ளைக்கி வைத்தியம் பாத்துட்டு வூட்டுக்குத் திரும்புது. பின்னால நின்னுக்கிட்டிருந்துது. நம்ம தெரசா அப்ப இருந்த அளவுதான், எட்டு ஒம்பது மாசம். நின்னுக்கிட்டு எப்பிடி வெச்சிக்கும்? நான்தான் வாங்கிக் கொண்டாந்து முன்சீட்டு ஆளு மடியில குடுத்தேன்."

"எல்லாக் கண்டக்டரும் பண்றதுதானேங்க."

"அது குடுக்க மாட்டேன்னுச்சு. இறுக்கிப் புடிச்சிக்கிச்சு. தர்மபுரி வரைக்கும் உம்புள்ளைய எவனும் தூக்கிக்கிட்டு ஓடிற மாட்டான், குடு தாயின்னேன். பஸ்ஸே சிரிச்சுது. அப்பறம் அதுவும் வெக்கப்பட்டுக்கிட்டுக் குடுத்துடுச்சு."

லூர்து மேரி பக்கத்துச் சீட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"முன்னால ஒண்ணுமே மிஞ்சல மேரி. பின்னால நின்ன அதுக்கு ஒரு கீறல்கூடக் கெடையாது. நான் கை தொங்கிப் போயி ரோட்டுல ஒக்காந்திருக்கறேன். எங்கிட்ட வந்து, எம்புள்ளைய யாருகிட்டங்க குடுத்தீங்கன்னு கேட்டுச்சு. மரியாதையாத்தான் கேட்டுச்சு. அந்த ஆளு யாருன்னு எனக்கு எப்பிடித் தெரியும்?"

அவளுக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, ஆத்திரம்தான். பச்சியப்பனுக்கு அளவு சொல்லத் தெரிந்தது, கிருஷ்ணப்பனுக்கு முடிச்சுப் போட்டுக் கொடுக்கத் தெரிந்தது, ஒரே பாயில் படுக்கிறவளிடம் இதை ஒரு வார்த்தை சொல்ல வாய் வரவில்லை. தம்பி கல்யாணத்தில் பாதியில் எழுந்து வந்தது, பேன் சீப்பு, ஊர் கேட்ட கேள்வி எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக நினைவுக்கு வந்தன. திட்டுவதற்கு வாயைத் திறந்தாள். அவனுடைய கோணல் தோள் குலுங்குவதைப் பார்த்ததும் மூடிக்கொண்டாள்.

குனிந்து கயிற்றை ஒவ்வொன்றாக அவிழ்த்தாள். "வண்டி வேளாங்கண்ணியில தள்றதுக்கு" என்றாள். "பஸ்ஸுல தெரசா உங்க மடியில இருப்பா. வேற ஒருத்தர் கைக்கும் போவ மாட்டா. வர்ற திங்கக்கெழம லீவு சொல்லிடுங்க."

செப்டம்பர் முதல் வாரம் காலை பஸ்ஸில் கிளம்பினார்கள். நடுவில் இரண்டு சீட்டு கிடைத்தது. பெங்களூர் வண்டி சீட்டுக்கடியில் மடங்கிக்கொண்டு அடங்கிக் கிடந்தது. ஸ்தனிஸ்லாஸ் தெரசாவை மடியில் வைத்து, நல்ல கையால் சுற்றிப் பிடித்திருந்தான். பிடித்த பிடியில் பிள்ளை நெளிந்து நெளிந்து பார்த்துவிட்டு, வேறு வழியில்லாமல் தூங்கிப்போனது.

பாளையம்புதூரில், கணவாய் இறங்குவதற்கு முன்னால், ஒரு பெண் கூடையும் கைக்குழந்தையுமாக ஏறினாள். பஸ் நிறைந்திருந்தது. கண்டக்டர் மாது, ஸ்தனிஸ்லாஸுக்குப் பழக்கமானவன். "யாராச்சும் கொழந்தைய வாங்கிக்குங்கப்பா" என்று குரல் கொடுத்துக்கொண்டே பிள்ளைக்குக் கை நீட்டினான். நாலைந்து மடி தயாராயிற்று. ஸ்தனிஸ்லாஸ் எழுந்துவிட்டான். தெரசாவை லூர்து மேரியின் மடிக்கு மாற்றினான். 

"இங்க ஒக்காருங்க" என்றான் அந்தப் பெண்ணிடம்.

"நீ எதுக்குண்ணே எந்திரிக்கிற? புள்ளையத்தான் வாங்கிக்குவாங்க இல்ல" என்றான் மாது.

"அவங்க புள்ள அவங்க கையிலயே இருக்கட்டும்."

பஸ் இறங்க ஆரம்பித்தது. ஸ்தனிஸ்லாஸ் வெளியே பார்க்கவில்லை. முன்சீட்டின் முதுகை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, இரண்டு பிள்ளைகளையும் மாற்றி மாற்றிப் பார்த்தபடியே வளைவுக்கு வளைவு ஆடி நின்றான். தெரசாவின் கனம் லூர்து மேரிக்கு வயிற்றை இழுத்தது. வலிக்கிறது என்று சொன்னால் அவன் என்ன செய்வான் என்று தெரிந்ததால் சொல்லவில்லை. எரிச்சலாகவும் இருந்தது, அவனைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது. இரண்டில் எது கூட என்று அவளுக்கே சொல்லத் தெரியவில்லை.

கணவாய் முடிந்து ஓமலூர் வந்தது. அந்தப் பெண் இறங்க எழுந்தாள். கூடை சீட்டுக்கு நடுவில் சிக்கிக்கொண்டது. "செத்த புடிங்கண்ணா, கூடைய எடுத்துக்கறேன்" என்று சொல்லி, அவன் சரி சொல்வதற்குள் குழந்தையை அவன் கையில் கொடுத்துவிட்டாள்.

அவன் அதை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டான். படியில் ஒவ்வொரு காலாக வைத்து இறங்கினான். அவள் பின்னாலேயே இறங்கி, கூடையைத் தரையில் வைத்து, கைகளை நீட்டினாள்.

"இந்தாங்க, உங்க புள்ள" என்றான்.

அவள் வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் சந்தைப் பக்கம் நடந்தாள். அவள் கூட்டத்தில் மறைந்த பிறகும் ஸ்தனிஸ்லாஸ் அங்கேயே நின்றான். மாது இரண்டு தடவை விசில் கொடுத்துவிட்டான். லூர்து மேரி ஜன்னல் வழியாக எட்டி, "ஏறுங்க, பஸ்ஸு கெளம்புது" என்று கூப்பிட வேண்டியிருந்தது.